சஃபேத்தின் நடுநிசி

ஊர் திரும்பிப் பல வருடமாகியும் இரவு பன்னிரண்டுக்கு எனக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. இஸ்ரேலின் வடக்கே, கலிலேய மலைமேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் சஃபேத்தில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மொராக்கோவில் பிறந்த யூதர். எல்லோரையும்போல நானும் அவரை 'சபா', தாத்தா, என்றே கூப்பிட்டேன்.

நடுநிசியானால் சபாவின் செருப்பைக் கழற்றி, நிலைப்படி ஓரம் தரையில் உட்காரவைக்க வேண்டும். தகர டப்பாவில் அடுப்புச் சாம்பல் இருக்கும். அதைத் தொட்டு நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் வைப்பேன். திருநீறு பூசிப் பழகிய விரலுக்கு அது புது வேலையல்ல. பிறகு கி.பி. 70-இல் இடிந்த எருசலேம் கோயிலுக்காக அவர் அழுவார், நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல.

அழுகை வெறும் கட்டடத்துக்காக இல்லை. ஷெகினா என்னும் இறைப்பிரசன்னம் தன் மக்களோடு தானும் நாடுகடந்து போனது என்பது தல்மூத் என்னும் யூத மறைநூல் காலத்து நம்பிக்கை. 16-ஆம் நூற்றாண்டில், கபாலா என்னும் யூத மறைஞான மரபைச் சேர்ந்த சஃபேத் ஞானிகள் அதை நடுநிசி வழிபாடாகவே வளர்த்தெடுத்தார்கள். அவர்களில் பெரியவரான ஐசக் லூரியா 1570-இல் வந்தார். 1572-இல் கொள்ளைநோயில், 38 வயதில் போய்விட்டார். அவர் சொன்னதை எழுதிவைத்தவர் சீடர் ஹயிம் விதால். கடவுளும் அகதி என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பாவம் பற்றி சபா சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. ஹசிதிய குரு ஷ்னேயூர் ஸல்மானின் 'தன்யா' நூலில், மனந்திரும்புதலைப் பேசும் பகுதியில் வருவது அது. ஆன்மாவைக் கடவுளோடு கட்டியிருக்கும் கயிறு, கட்டளைக்கு ஒன்றாக 613 புரிகளால் ஆனது. ஒரு கட்டளையை மீறினால் ஒரு புரி அறும். தண்டனையெல்லாம் அப்புறம். முதல் நஷ்டம், பிடி தளர்வதுதான்.

"அறுந்துபோனால், சபா?"

"முடிச்சுப் போடு. அந்த இடம் தடிக்கும், கயிறும் குட்டையாகும். முன்னைவிடக் கிட்டப் போய்விடுவாய்."

வெள்ளி இரவு மட்டும் சாம்பல் டப்பா அலமாரியைவிட்டு இறங்காது. வெள்ளி மாலையே தொடங்கிவிடும் ஓய்வுநாளில் அந்தப் புலம்பல் கூடாது. லூரியா காலத்தில் ஓய்வுநாளை மணப்பெண்ணாக எதிர்கொள்ள ஊருக்கு வெளியே வயலுக்கே போனார்களாம். இப்போது ஜெபஆலயத்தில் வரவேற்புப் பாட்டின் கடைசி அடிக்கு எல்லோரும் வாசல் பக்கம் திரும்பி நிற்கிறார்கள்.

இங்கே நம் கோயில்களில் பரிகாரம் என்றதும் கட்டணப் பலகையைத்தான் முதலில் பார்க்கிறோம். (அங்கேயும் காப்புக்கென்று சிவப்புக் கயிறு விற்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை.) ஆனால் எந்தப் புரி அறுந்தது என்று கேட்கிற ஒரு கிழவர் பக்கத்தில் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.

சஃபேத்துக்குப் போகிறவர்கள் ஓவியக் கடைகளைச் சுற்றிவிட்டு மாலையே மலையிறங்கிவிடுகிறார்கள். நீங்கள் போனால் ஓர் இரவு தங்குங்கள். வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.