0.39 கிகாஹெர்ட்ஸ்

டெல்லியில் புள்ளியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர். நெட் தேர்வின் வழியே வரும் ஆய்வு உதவித்தொகை இல்லாதவர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அத்தகையோருக்குத் தரப்படும் மாதம் 8,000 ரூபாயில்தான் உணவு, பயணம், அச்சுச் செலவு எல்லாம். அவருடைய ஆய்வுக்கூடம் என்பது விடுதி மேசைமேல் இருக்கும் பழைய மடிக்கணினி ஒன்றே.

ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் ஒரே ஓர் அட்டவணையை நம்பி நிற்கிறது. மாதிரி எடுக்கும் பழைய வழிமுறைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, அவர் வடிவமைத்த புதிய வழிமுறைக்கு எவ்வளவு ஆகிறது என்பதே அதன் செய்தி. பழைய வழிமுறையின் நேரங்கள் டிசம்பரில் அளக்கப்பட்டவை. புதியதை முழுத் தரவின்மேல் முதன்முறையாக ஓட்டியது மே மாதத்தில். புதியது விரைவாக முடியும் என்று கணிதம் சொன்னது. கணினியோ பல மடங்கு தாமதம் என்றது. அட்டவணையைப் பார்த்த நெறியாளர், அந்த இயலைக் கைவிடுவதைப் பற்றி யோசிக்குமாறு மென்மையாகச் சொன்னார். முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்குக்கு ஆறு வாரங்களே இருந்தன.

ஐயம் எழுந்தது, பழைய வழிமுறையை மீண்டும் ஒருமுறை ஓட்டியபோது. டிசம்பரில் ஒரு மாலைக்குள் முடிந்த கணக்கு, மறுநாள் மதியமும் ஓடிக்கொண்டிருந்தது. அறிவுரைகளுக்குக் குறைவில்லை. வைரஸ் என்றார் ஒருவர். இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவச் சொன்னார் இன்னொருவர். பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று கூறி, அவருடைய இரண்டு மாத உதவித்தொகையை விலையாகச் சொன்னார்கள். இவர்களில் எவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், கணினி முழு வேலையில் இருக்கும்போதும் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று அசையாமல் நின்றது. அதே கணினியின் தகவல் பக்கத்திலோ ஒரே வரியில் 1.60 என்றும் 1.80 என்றும் இரண்டு எண்கள். அவற்றில் எதை நம்புவது? இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

அது இன்டெலின் கோர் ஐ5-8250யூ வகை நுண்செயலி. (செயலி என்ற சொல்லைக் கைபேசி ஆப்களுக்குக் கொடுத்துவிட்டதால் இங்கே நுண்செயலி.) 1.60 என்பது அதன் பெயரோடு பொறிக்கப்பட்ட அடிப்படை வேகம். ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். 15 வாட் என்ற வழக்கமான வரம்புக்கு உரியது அது. கூடுதல் மின்திறன் கொடுத்து அமைத்தால் அடிப்படை வேகம் 1.80. குறுகிய நேரத்துக்கு ஓர் உள்ளகம் எட்டக்கூடிய உச்சம் 3.40. ஆக, 1.60-ம் 1.80-ம் அந்த நொடியின் வேகத்தைச் சொல்பவை அல்ல.

உண்மை வேகத்தை அறிய நுண்செயலிக்குள்ளேயே இரண்டு எண்ணிகள் இருக்கின்றன. எம்பெர்ஃப் என்பது மாறாத ஒரே சீரில் ஏறும். ஏபெர்ஃப் என்பது உண்மையில் ஓடும் வேகத்தில் ஏறும். உள்ளகம் ஓய்வில் இருக்கும்போது இரண்டும் நின்றுவிடும். ஓர் இடைவெளியில் இரண்டும் எவ்வளவு ஏறின என்று பார்த்து, அந்த விகிதத்தை நிலையான வேகத்தால் பெருக்கினால், வேலை செய்த நேரத்தின் சராசரி வேகம் கிடைக்கும். லினக்ஸில் டர்போஸ்டாட் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. எனவே திரையில் தெரியும் வேகம்கூட ஒரு கணக்கீட்டின் விளைவு. பெருக்கப் பயன்படும் அடிப்படை எண் பிழையானால் விடையும் பிழையாகும்.

மாணவர் லினக்ஸில் நுழைந்து பார்த்தார். அங்கும் ஏறத்தாழ 400 மெகாஹெர்ட்ஸ். இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் யோசனை அத்துடன் முடிந்தது. எனினும் எண்ணிகளை மட்டும் நம்பாமல், கூட்டலைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு சிறு நிரலை எழுதி, அதே மாதிரி மடிக்கணினி வைத்திருந்த விடுதி நண்பரின் கணினியிலும் ஓட்டினார். நண்பருடையது எடுத்துக்கொண்டதைப் போல எட்டு மடங்கு நேரத்தை இவருடையது எடுத்துக்கொண்டது. திரை பொய் சொல்லவில்லை. வேகம் உண்மையாகவே வீழ்ந்திருந்தது.

வெப்பம்தான் காரணம் என்று எவரும் முதலில் நினைப்பார்கள், அதுவும் டெல்லியின் மே மாதத்தில். ஆனால் வெப்பநிலை 48 பாகையைத் தாண்டவே இல்லை. இவ்வகை நுண்செயலிகள் 100 பாகையை நெருங்கும்போதுதான் வெப்பத்துக்காகத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும். குளிர்ந்திருக்கும் நுண்செயலி ஏன் முடங்கிக் கிடக்கிறது?

விடை ஒரு கம்பியில் இருந்தது. நுண்செயலி அளவுமீறிச் சூடாகும்போது அதை வெளியே அறிவிக்கும் சமிக்ஞைக் கம்பிக்கு பிராச்ஹாட் என்று பெயர். பிற்காலத்தில் அது இருவழிப் பாதையாயிற்று: மின்வழங்கல் சுற்றோ மின்னேற்றத்தைக் கண்காணிக்கும் சில்லோ அதே கம்பியின் வழியே நுண்செயலியை அடங்கச் சொல்லலாம். சொன்னவர் யார், காரணம் என்ன என்று நுண்செயலி கேட்பதில்லை. கீழெல்லையான 400 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

இங்கே அடங்கச் சொன்னது எது? ஏப்ரலில் பழைய அடாப்டரின் ஒயர் அறுந்துபோனதால் பாதி விலையில் வேறொன்று வாங்கியிருந்தார். மின்னழுத்தம் சரி, முனையும் பொருந்தியது. ஆனால் இந்த வகைக் கணினிகளில் முனையின் நடுவே ஊசிபோன்ற மெல்லிய தண்டு ஒன்று உண்டு. அடாப்டருக்குள் இருக்கும் சிறு சில்லு, தான் எத்தனை வாட் தர வல்லது என்பதை அதன் வழியாகத்தான் கணினிக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால், வந்திருப்பது எவ்வளவு வலுவுள்ளது என்று அறியாத கணினி மிகக் குறைவானதாகவே எண்ணி நடந்துகொள்ளும். சோதனையோ மிக எளிது: அடாப்டரைப் பிடுங்கி மின்கலத்தில் ஓட்டுவது. பிடுங்கிய மறுநொடி வேகம் 3-ஐத் தாண்டியது. நண்பரின் அடாப்டரைச் செருகினார், அப்போதும் இறங்கவில்லை.

இதே சிக்கலுக்கு வேறொரு மருந்தும் பரவலாகச் சொல்லப்படுகிறது: மென்பொருளைக் கொண்டு அந்தச் சமிக்ஞையைக் கேளாமல் நுண்செயலியின் காதை அடைத்துவிடுவது. நோயை அடையாளம் காண ஒருமுறை செய்து பார்க்கலாம். நிலையாக அப்படியே விடுவது, புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது. வலுக் குறைந்த அடாப்டரிலிருந்து முழு மின்னோட்டத்தை உறிஞ்சினால் உருகுவது அடாப்டராகவும் இருக்கலாம். மாணவர் அசல் அடாப்டரையே வாங்கினார். அம்மாதம் விடுதி உணவகத்தில் கடன் வைத்தார்.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது. அட்டவணையின் சிக்கல் தீரவில்லை. நலமான மடிக்கணினியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தொடக்கத்தில் 15 வாட்டுக்கு மேல் இழுத்து விரைந்து ஓடும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அந்தச் சலுகை முடிந்து, நீடித்து ஓடக்கூடிய வேகத்துக்கு இறங்கும். அறை சூடாக இருந்தால், விசிறியில் தூசி படிந்திருந்தால், இன்னும் இறங்கும். இது பழுதன்று, அமைப்பே அப்படி. மின்திறன் செலவு மின்னழுத்தத்தின் இருமடியோடும் வேகத்தோடும் சேர்ந்து பெருகுவதால் மெல்லிய உடலுக்குள் வேறு வழியில்லை. 2018 ஜூலையில் ஆப்பிளின் கோர் ஐ9 மேக்புக் ப்ரோ, வேலை கூடியதும் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதை ஒருவர் காணொளியில் காட்டினார். நிலைபொருளில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்தது என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், சில நாட்களில் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு விலையுள்ள கணினிக்கே அந்த நிலை.

ஆகவே டிசம்பர் நேரங்களை அப்படியே வைத்துக்கொண்டு புதியவற்றை மட்டும் அளப்பது நேர்மையாகாது. மாணவர் இரண்டு வழிமுறைகளையும் முதலிலிருந்து ஓட்டினார். டர்போவை அணைத்து வேகத்தை 1.60-க்கு மேல் ஏறாமல் கட்டினார். பழையது, புதியது, புதியது, பழையது என்று வரிசையை மாற்றினார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் பத்து நிமிட ஓய்வு. பக்கத்திலேயே டர்போஸ்டாட்டின் பதிவு. பதினோரு இரவுகள் ஆயின. இரவில்தான் அறை சற்றே தணியும்.

புதிய வழிமுறையே விரைவானது. ஆனால் அவர் தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவுக்கு அல்ல. சிறிய தரவுகளில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அட்டவணையின் கீழே நுண்செயலியின் பெயர், டர்போ அணைக்கப்பட்ட செய்தி, ஓட்டங்களின் வரிசை, அடாப்டர் விவரம் என நான்கு குறிப்புகளைச் சேர்த்து ஜூன் மாதம் நெறியாளருக்கு அனுப்பினார். நெறியாளர் அடாப்டர் குறிப்பை மட்டும் நீக்கிவிட்டு, இயலைக் கருத்தரங்கில் வைக்க ஒப்புதல் தந்தார்.