முழு வருகைப் பரிசு

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை வகுப்பைத் தொடங்கிய புதிதில், முழு வருகைக்கு ஒரு பரிசு அறிவித்தோம். யோசனை என்னுடையதுதான். மாதம் முழுவதும் தவறாமல் வரும் பிள்ளைக்கு ஒரு ஜாமெட்ரி பெட்டி. எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஐவர், திங்கள் முதல் சனி வரை முறைவைத்துப் பாடம் நடத்தினோம்.

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல இங்கே குடியமர்த்தப்பட்டன. குடிசை போய்க் கல்வீடு வந்தது, அது நன்மையே. ஆனால் வீடுதான் இடம் பெயர்ந்தது, பிழைப்பு நகருக்குள்ளேயே தங்கிவிட்டது. படிப்பாண்டின் நடுவே வந்து, பழைய பள்ளியையும் விட்டு, புதிய பள்ளியிலும் சேராமல் நின்றுபோன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எங்களிடம் வந்தவர்களில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பின்னக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். ஆயினும் மூன்று நாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டாள். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் தம்பியை இடுப்பில் சுமந்து வந்து வாசலருகே உட்கார்ந்தாள். குழந்தை அழுதது. "இது பால்வாடி இல்லையம்மா" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தேடிப் போனேன். மின்தூக்கி ஓடவில்லை. நான்காம் மாடிப் படியில் குடத்தோடு நின்றிருந்தாள். பின்னால் தம்பி, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். தாய் நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்து, இரவு எட்டு மணிக்குமேல்தான் திரும்புவாராம். தண்ணீர் வரும்போது பிடித்தாக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வீட்ல இருப்பாங்க சார். அன்னிக்கு மட்டும் வந்தா பரிசு கிடைக்காதா?"

ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. திருப்பலி, அதன்பின் சபைக் கூட்டம்.

அரசு செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவு இருக்கிறது. 2022 முதல் காலை உணவும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வியை உறுதி செய்கிறது. புத்தகம், சீருடை, பேருந்துச் சலுகை எல்லாம் கிடைக்கின்றன. அவளுக்குக் கிடைக்காதது தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். வறுமை அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது காசை அல்ல, பொழுதை. வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்த பிள்ளைகளுக்கே நான் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளைக் கொண்டு வந்தவர்களை அதட்டியவர்கள் ஆண்டவரின் சீடர்களே என்று மாற்கு எழுதியிருப்பதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அவர்களில் ஒருவனாக நானே நின்றது அன்று படியில்தான் உறைத்தது.

பரிசை நிறுத்திவிட்டோம். ஞாயிறு பிற்பகலிலும் வகுப்பு உண்டு. தம்பிக்கு ஒரு சிலேட்டு. சபைக் கூட்டம் வெள்ளி இரவுக்கு மாறியதில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

பள்ளிக்கு அவள் இப்போதும் வாரத்தில் ஒரு நாளாவது போவதில்லை. பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். தாய் வந்தால் ஒருநாள் கூலி போகும். வரும் செவ்வாய், தாயின் கடிதத்தோடு நான் போவதாக ஏற்பாடு. தம்பிக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. அவனையும் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும்.