வீட்டுக்காரருக்கே திறக்காத பூட்டு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது வில்கமுவ. ஒரு பக்கம் மகாவலியும் வஸ்கமுவ தேசியப் பூங்காவும். மறுபக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். மாத்தளை நகரம் மலைக்கு அப்பால். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக் கணினி மக்கர் பண்ணினால், விவரம் தெரிந்த தம்பி ஒருவரிடம்தான் பெட்டி போய்ச் சேரும். வைரஸா, வேகம் குறைவா, திரை நீலமாகிறதா, எதற்கும் அவர் கையில் ஒரே மருந்து: "புதுசா விண்டோஸ் அடிச்சுத் தாரேன்."

பெரும்பாலும் அந்த மருந்து வேலை செய்யும். ஃபோல்டரைப் பூட்டி வைத்தவர்களின் கதை மட்டும் வேறு.

ஒரே கணினியை வீடே பங்குபோடும்போது எல்லாருக்கும் ஒளிக்க ஏதாவது இருக்கும். ஆசிரியைக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாள், அப்பாவுக்குக் காணி உறுதியின் ஸ்கேன், மகனுக்கு அவனுடைய படங்கள். விண்டோஸிலேயே அதற்கு ஒரு வழி உண்டு. ஈ.எஃப்.எஸ். எனப்படும் அந்தக் குறியாக்க வசதி விண்டோஸ் 2000 உடன் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அதைப் போட்டவர்களுக்கு நினைவிருக்கும்: ஃபோல்டர் மீது வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு சரி. கோப்பின் பெயர் பச்சை எழுத்தாகும். அவ்வளவுதான். பாஸ்வேர்ட் எதையும் அது கேட்காது.

கேட்காததுதான் வில்லங்கம். பூட்டின் சாவி, விண்டோஸுக்குள் நுழையும் பயனர் கணக்கோடு சேர்ந்து அதே டிஸ்க்கில் ஒரு மூலையில் கிடக்கிறது. கணக்கைத் திறந்தவருக்கு ஃபோல்டரும் திறக்கும். ஆகவே பாஸ்வேர்ட் இல்லாத ஒரே கணக்கை வீட்டார் எல்லாரும் பாவிக்கும் கணினியில் இந்தப் பூட்டு யாரையும் தடுக்காது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் வினாத்தாள் திறந்தே கிடக்கும். அது தடுக்கப்போவது ஒருவரைத்தான். டிஸ்க்கைத் துடைத்துப் புது விண்டோஸ் போட்டபின், வேறு டிரைவில் பத்திரமாக இருக்கும் தன் கோப்பைத் தேடி வரும் சொந்தக்காரரை. பெயர் தெரியும், அளவு தெரியும், தேதி தெரியும். திறந்தால் அனுமதி இல்லை என்று ஒரு வரி. பழைய சாவி துடைப்பில் போய்விட்டது. எக்ஸ்பியில் இன்னொரு பொறியும் இருந்தது: மறந்த பாஸ்வேர்டை நிர்வாகிக் கணக்கிலிருந்து மாற்றிக் கொடுத்தாலே போதும், பூட்டிய கோப்புகள் கைவிட்டுப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், மைக்ரோசொஃப்ட் இந்த வசதியை வீடுகளுக்கென்று தரவே இல்லை. ஹோம் பதிப்புகளில் அந்தக் கட்டம் மங்கி இருக்கும், தொட முடியாது. ஆனால் நம் பக்கத்து வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய ஹோமைவிட, காசு கொடுக்காத 'அல்டிமேட்' பதிப்பு அல்லவா அதிகம் ஓடியது! அலுவலகங்களுக்காகச் செய்த பூட்டு அப்படித்தான் அடுப்படிவரை வந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சாவியைப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி மூலையில் ஓர் ஆங்கில அறிவிப்பு எழும். அதை மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி போதும்.

அந்தக் கட்டம் கிடைக்காதவர்கள் இலவசப் பூட்டுகளைத் தேடினார்கள். கைமாறிக் கைமாறி வந்த 'லொக்கர்' என்ற சிறு பேட்ச் கோப்பு அவற்றில் பிரபலம். அது குறியாக்கம் எதுவும் செய்வதில்லை. ஃபோல்டரின் பெயரை கன்ட்ரோல் பேனல் போல மாற்றி மறைத்து வைக்கும். பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் போதும். வெறும் எழுத்தில் அப்படியே இருக்கும். காசுக்கு விற்கும் பூட்டுகளிலும் மறைப்பதோடு நிறுத்திக்கொள்பவை உண்டு. டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் கணினியில் மாட்டினால் அவற்றின் மர்மம் முடிந்தது. ஒரு வகையில் வீட்டுக்கு இந்தப் பொய்ப்பூட்டே தேவலை. பாஸ்வேர்ட் மறந்தவரின் கல்யாணப் படங்களாவது மிஞ்சும்.

மெய்ப்பூட்டு இரக்கம் காட்டாது. ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் 2004இல் வந்து, 2014 மே 28 அன்று அதைச் செய்தவர்களாலேயே திடீரெனக் கைவிடப்பட்டது. செய்தவர்கள் தங்கள் பெயரைக்கூட வெளியிட்டிருக்கவில்லை. அதன் வழிவந்த வெராகிரிப்ட் இன்றும் இலவசம், உறுதியானது. அதில் செய்த பெட்டகம் வெளியிலிருந்து பார்த்தால் அர்த்தமில்லாத ஒரு பெரிய கோப்பு. டிஸ்க்கில் இடமில்லை என்று துப்புரவு செய்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பென் டிரைவை முழுதாகப் பூட்டினால் இன்னும் மோசம்: செருகியதும் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாமல், ஃபார்மெட் செய்யட்டுமா என்று கேட்கும். வீட்டில் யாராவது ஒருவர் ஆம் என்று அழுத்திவிடுவார். மறதிக்கும் அங்கே மன்னிப்பில்லை. ஸ்டெஃபன் தோமஸ் என்ற நிரலாளர் 7,002 பிட்காயினுக்கான சாவியை, பத்து முறைதான் பாஸ்வேர்ட் போட விடும் ஒரு டிரைவில் பூட்டிவைத்து மறந்ததை 2021இல் உலகமே படித்தது. எட்டு வாய்ப்புகள் அப்போதே தீர்ந்திருந்தன.

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளிடம் சிக்கியது. அங்கே பூட்டியவர் அந்நியர். ஆனால் பாடம் ஏறத்தாழ இதேதான்: சாவியும் இல்லை, பிரதியும் இல்லை என்றால் கோப்பும் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசின் gov.lk மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இல்லாததால் அவை போயே போயின. கொழும்பில் அரசுக்கே பிரதி இல்லை என்றால் வில்கமுவையில் ஒரு வீட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

பச்சை எழுத்துக் கோப்புகளோடு மாட்டிக்கொண்டவருக்குச் சிறு நம்பிக்கை உண்டு. பழைய விண்டோஸின் பயனர் ஃபோல்டர் துடைபடாமல் இருந்து, பழைய பாஸ்வேர்டும் நினைவிருந்தால், சாவியை மீட்க மென்பொருள் இருக்கிறது. அதற்குமுன் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது.

இப்போதைய மடிக்கணினிகளில் ஃபோல்டரைப் பூட்டும் அந்தக் கட்டத்தைத் தேடிப் போகவே வேண்டாம். விண்டோஸ் 11இன் 2024 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில், ஹோம் உட்பட, முழு டிஸ்க்கும் தானாகப் பூட்டப்படுகிறது. மதர்போர்ட் மாற்றினால் நீலத் திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மின்னஞ்சல் இல்லாத வாடிக்கையாளருக்காகக் கடைக்காரர் தன் முகவரியையே போட்டு மடிக்கணினியைத் தயார் செய்து கொடுத்திருந்தால், எண் இருப்பது கடைக்காரரின் கணக்கில்.