75-இல் வைத்தது நான்தான்

கோயம்புத்தூரில் கீசர் சர்வீஸ் பார்க்கும் ஓர் அண்ணனிடம் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். ஐடிஐ-யில் வயரிங் படித்திருந்தேன். கரண்ட் தெரிந்தால் கீசரும் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

முதன்முறையாக என்னைத் தனியாக அனுப்பிய வீடு அது. 15 லிட்டர் டேங்க். "சூடே பத்தறதில்லீங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர். அடி மூடியைக் கழற்றினேன். தெர்மோஸ்டாட்டின் முள் 60-இல் நின்றது. ஸ்குரூடிரைவரை வைத்துக் கடைசிவரை, 75-க்குத் திருப்பினேன். மூடியைப் பூட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பத்து நிமிஷ வேலை.

மூன்றாம் நாள் போன் வந்தது. அந்த வீட்டுப் பாட்டி வெந்நீரைச் சொம்பில் பிடித்து விளாவாமல் தோளில் ஊற்றிக்கொண்டாராம். தோள்பட்டை கொப்பளித்துவிட்டது.

அண்ணன் திட்டவில்லை. "வண்டிய எடு கண்ணு" என்றார், அவ்வளவுதான். பாட்டி திண்ணையில் களிம்பு பூசிய தோளோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாப்டியா சாமி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

குழாயைத் திறந்து, முதலில் வந்த தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, அடுத்ததை மக்கில் பிடித்தார் அண்ணன். சமையலுக்கு விற்கும் கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். அதை உள்ளே விட்டார். 71.

60 டிகிரித் தண்ணீருக்கு, பெரியவர்கள் தோல் ஆழமாக வேக ஐந்து விநாடி போதும். 70-இல் ஒரு விநாடியே அதிகம். 50 என்றால் சில நிமிஷம் ஆகும், அதற்குள் விலகிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தோல் மெலிசு, இந்த நேரமெல்லாம் இன்னும் சுருங்கிவிடும். அந்தக் குளியலறை வாசலில் நின்றுதான் அண்ணன் இதைச் சொன்னார்.

"செரி, சூடு பத்தலேன்னு சொன்னாங்களே, ஏன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. டேங்கை வடித்து எலிமெண்ட்டை வெளியே இழுத்தோம். கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை, சுண்ணாம்புக் கட்டியாக இருந்தது. அந்த வீட்டில் குளிக்க உப்புத் தண்ணி, அதாவது போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் ஓடும் வீட்டில் இதே கம்பி வருஷக்கணக்கில் மினுமினுப்பாக இருக்கும். இங்கே காரை, கம்பியையும் தெர்மோஸ்டாட் குழாயையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கம்பியின் சூட்டைத் தண்ணீரின் சூடென்று எண்ணித் தெர்மோஸ்டாட் முன்னதாகவே கட்டாகிவிடுகிறது. காலையில் முதலில் குளிக்கும் மகனுக்கு வெதுவெதுப்பு. சுவிட்சை அணைக்காமலே விட்டதால் கட்டாகிக் கட்டாகி ஏறி, ஒன்பது மணிக்குக் குளிக்கும் பாட்டிக்கு 71.

நான் அன்று புரிந்துகொண்டது இதுதான்: முள்ளை ஏற்றினால் தண்ணீர் சீக்கிரம் சூடாகாது. 2000 வாட் எலிமெண்ட் எங்கே வைத்தாலும் 2000 வாட்தான். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான் முள் சொல்கிறது. 15 லிட்டரை 25-இலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட், 18 நிமிஷம். 75 என்றால் கிட்டத்தட்ட 0.9 யூனிட். கூடுதல் சூட்டில் காரையும் வேகமாகப் படியும், டேங்கிலிருந்து வீணாகும் சூடும் கூடும்.

சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் எலிமெண்ட்டை ஊறப்போட்டோம். டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு தேய்ந்து சுள்ளியாகிக் கிடந்தது, அதையும் கேஸ்கட்டையும் மாற்றினோம்.

பயந்துபோன வீட்டுக்காரர், "நாப்பதுலயே வெச்சுருங்க" என்றார். அண்ணன் ஒப்பவில்லை. 20-இலிருந்து 45 டிகிரி வரை தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி நன்றாக வளரும். 1976-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரை நிமோனியாவில் சாகடித்தது அதுதான். குடித்து வருவதில்லை, ஷவரின் நுண்துளி மூச்சோடு நுரையீரலுக்குள் போய் வருகிறது. 60-இல் அது தாங்காது. அதனால்தான் டேங்கில் 60. உடம்புக்கு வருவது வாளியில் விளாவிய தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். எத்தனையோ வீட்டில் இந்த வரிசை தலைகீழாகத்தான் இருக்கிறது, அதுவும் குழந்தை தவழும் வீட்டில். அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறும்.

முள்ளை 60-க்குத் திருப்பச் சொல்லி ஸ்குரூடிரைவரை என்னிடமே கொடுத்தார். 20 நிமிஷம் கழித்துக் குழாயில் அளந்தோம். 58. போதும் என்றார். ஊர் பயணம் போய்த் திரும்பினால் முதல் டேங்கை நன்றாகச் சுடவைத்து, ஷவரில் விடாமல் வாளியில் பிடித்துக் கொட்டிவிடச் சொன்னார்.

கிளம்பும்போது பாட்டி வாளியைக் காட்டி, "பச்சத்தண்ணி மொதல்ல, செரிதானே?" என்றார். "ஆமாங்க பாட்டி" என்றேன்.

இப்போது என் பையிலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. "சூடு பத்தல" என்று போன் வந்தால், உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா என்று கேட்கிறேன். அப்புறம், வீட்டில் கடைசியாகக் குளிப்பது யார் என்று.