மடைக்கு மேலே

அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். கிறிஸ்மஸ் கீத ஆராதனையில் தனிப்பாடல். மூன்று வாரமாக வீட்டிலும் ஆலயத்திலும் பழகியிருந்தாள். எங்கள் ஆலயம் கல் சுவரும் உயர்ந்த கூரையுமாகக் கட்டியது. சாதாரணமாகப் பேசினாலே சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நான் பின்வரிசைக்கும் பின்னால், மிக்ஸர் முன்பு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவன் என்பதால் சபையார் அந்த நாற்காலியை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

இரண்டாம் சரணத்தில் அவளுடைய மைக் லேசாக ஊளையிடத் தொடங்கியது. ஃபேடரைக் கொஞ்சம் இறக்கினேன், நின்றது. ஆனால் அவள் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டு தொண்டையை அழுத்திப் பாட ஆரம்பித்தாள். சத்தம் கூடியது, மறுபடியும் இறக்கினேன். அவள் இன்னும் அழுத்தினாள். நான் இறக்க இறக்க அவள் ஏற்றிக்கொண்டே போனாள். கடைசியில் மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து பாட்டு நின்றுபோனது. பின்னால் நின்ற பாடகர் குழு பல்லவியைப் பிடித்து எப்படியோ முடித்துவைத்தது. தலையைக் குனிந்தபடி அவள் இறங்கிப்போனதைப் பார்த்தேன். பயந்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை மைக்செட் அண்ணாச்சி, வாடகைக்கு விட்டிருந்த பெட்டிகளை எடுத்துப்போக வந்தார். கல்யாணம், கொடை, அசனம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவர் செட்டுதான். அதுபோக கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயலும் உண்டு. நேற்று அவரும் கடைசி பெஞ்சில் இருந்திருக்கிறார்.

“அந்தப் பிள்ள காலுக்கிட்ட ஒரு பெட்டி வச்சிருந்தோம்லா சார், அதுல அவ சத்தம் அவளுக்குக் கேட்டுதா?”

“கேட்டிருக்குமே அண்ணாச்சி. ஆராதனைக்கு முன்னாடி சரிபார்த்தோமே.”

“அப்பம் கேட்டுது. நீங்க ஃபேடர இறக்குனப்ப அந்தப் பெட்டியும் சேந்துல்லா இறங்கிருக்கு. தன் சத்தம் தனக்கே கேக்கலன்னா பிள்ள கத்தாம என்ன செய்யும்?”

மிக்ஸர் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பதினாறு சேனல், நூற்றுக்கும் மேல் திருகுகள். “மொத்தத்தையும் பாக்காதீங்க சார், மலைப்பாத்தான் இருக்கும். ஒத்த வரிசையப் பாருங்க. மத்ததெல்லாம் அதே வரிசைதான்.”

ஒரு வரிசையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். உச்சியில் மைக் வந்து சேரும் இடம். மைக்கிலிருந்து வருவது ஓரிரு மில்லிவோல்ட். அதை ஆயிரம் மடங்கு வரைக்கும் பெருக்கித் தருவது கெய்ன். அதை அடுத்து லோ-கட். மேடையில் கால் மிதிக்கிற சத்தம், மைக்கில் மின்விசிறிக் காற்று மோதுகிற சத்தம், இப்படி அடியில் உறுமுகிற எல்லாவற்றையும் வெட்டிவிடும். அதன் கீழே கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். பிறகு ஆக்ஸ் திருகுகள், இடம் வலம் பிரிக்கும் பேன், மியூட் பொத்தான், அடியில் ஃபேடர். ஃபேடரின் ஓரத்தில், இந்தச் சத்தம் எந்தக் குரூப்புக்கு, நேராக மெயினுக்கா என்று அனுப்பிவைக்கும் சின்னப் பொத்தான்கள்.

இந்த வரிசையைப் பாடம் மாதிரி ஒப்பித்துவிடலாம். ஆனால், இதில் யார் முந்தி யார் பிந்தி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கெய்ன் தலைமதகு. அதைத் தொட்டால் கீழே உள்ள அத்தனை பேருக்கும் மாறும். ஆராதனை நடுவில் கெய்னைத் தொடாதே என்பது அதனால்தான். ஃபேடரோ கடைசியில் இருக்கிற மடை. சபையாருக்குப் போவதைத்தான் அது கூட்டும், குறைக்கும். இரண்டுக்கும் நடுவே ஆக்ஸ் வாய்க்கால் கிளம்புகிறது. பாடுகிறவர் காலடியில் இருக்கும் மானிட்டர் பெட்டிக்கு அந்த வாய்க்கால் வழியாகத்தான் சத்தம் போகும்.

அண்ணாச்சி ஆக்ஸ் ஒன்றின் பக்கத்தில் நகத்தால் அழுத்துகிற அளவுக்கு இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார். “இது மேல இருந்தா மடைக்குக் கீழ வெட்டுன வாய்க்கா. மடைய அடைச்சா இதுவும் வத்திரும். அமுக்குனா மடைக்கு மேல வெட்டுன வாய்க்கா. மடைய என்ன செஞ்சாலும் இது பாட்டுக்கு ஓடும்.” மிக்ஸரில் அச்சடித்திருப்பது ப்ரீ, போஸ்ட் என்ற இரண்டு சொற்கள். ப்ரீ என்றால் ஃபேடருக்கு முன், போஸ்ட் என்றால் பின். இரண்டு வருடமாக அந்தச் சொற்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்தப் பிள்ளை தொண்டையை அழுத்தியதற்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்று காலைதான் தெரிந்தது. பயந்துபோய் அவள் நிறுத்தவில்லை. நான்தான் அவள் காதைப் பொத்தியிருக்கிறேன்.

தாமிரபரணிக்கரையில் பிறந்தவனுக்கு மடை என்று சொன்னால் உடனே பிடிபட்டுவிடும். எட்டு அணைக்கட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். எங்கே வெட்டியது என்பதை வைத்துத்தான் யாருக்கு எப்போது தண்ணீர் என்பது. ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஓரிடத்தில் இந்த உவமை நின்றுபோனது. தண்ணீரைப் பிரித்தால் குறையும். மேல்மடைக்காரன் கூட எடுத்தால் கடைமடை காயும். மிக்ஸருக்குள் சத்தம் அப்படிக் குறைவதில்லை. ஒவ்வொரு கிளையும் மூலத்திலிருந்து கிட்டத்தட்ட ஒன்றும் இழுக்காமல், அதைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்கிறது. அப்படித்தான் அந்தச் சர்க்யூட்டை அமைத்திருக்கிறார்கள். ஆறு ஆக்ஸுக்குக் கொடுத்தாலும் மெயினில் ஒரு துளி குறையாது. ஆகவே மேடையில் ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால் அது பற்றாக்குறை அல்ல, யாரோ தவறான இடத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். இது எனக்குப் பெரிய ஆறுதலாகவும் அதே அளவு பெரிய பொறுப்பாகவும் பட்டது.

அதற்காக எல்லாவற்றையும் மடைக்கு மேலே வெட்டிவிடவும் முடியாது. அடுத்த வருடம் நானே அந்தத் தப்பைச் செய்தேன். குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் கருவிக்கும் ஓர் ஆக்ஸ் வழியாகத்தான் சத்தம் போகும். அதையும் ப்ரீயில் வைத்துவிட்டேன். பிரசங்கம் முடிந்து ஐயர் மைக்கை அணைக்காமல் இறங்க, நான் ஃபேடரை முழுக்க இறக்கினேன். அவர் பக்கத்திலிருந்த சபைப் பொருளாளரிடம் மெதுவாகச் சொன்னது, நேர்ச்சத்தம் இல்லாமல் வெறும் எதிரொலியாக, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆலயம் முழுக்கக் கேட்டது. ரிவெர்ப் நிழல் மாதிரி. ஆள் போனால் அதுவும் போக வேண்டும், ஆகவே அது மடைக்குக் கீழே. பாடுகிறவரின் காது வேறு. அது சபையாரின் வசதியைச் சார்ந்து இருக்கக் கூடாது, ஆகவே மடைக்கு மேலே.

இந்த அனுப்புதலும் திரும்ப வாங்குதலும் ஒரு காலத்தில் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே நடந்தது. 1947இல் சிகாகோவில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஹார்மோனிகேட்ஸ் என்ற மவுத்ஆர்கன் குழுவைப் பதிவு செய்தபோது, சத்தத்தின் ஒரு கிளையை ஸ்டூடியோவின் குளியலறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். ஓடு பதித்த சுவர்களில் மோதிய எதிரொலியை அந்த மைக் பிடித்துக் கொண்டுவர, அதை மூலத்தோடு கலந்தார். இன்று ஓர் ஆக்ஸ் திருகைத் திருப்பும்போது நாம் செய்வதும் அதேதான், குளியலறை மட்டும் கருவிக்குள் போய்விட்டது. வழி என்றால் முன்பு நிஜமாகவே கதவைத் திறந்து போகிற வழி.

எனக்கு இன்னும் பிடித்தது லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் நடந்தது. பீட்டர் கேப்ரியேலின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த எஸ்எஸ்எல் மிக்ஸரில், வாசிப்பவர்கள் பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்பதற்கென்று தனியாக ஒரு மைக் வழி இருந்தது. தூரத்தில் நின்று பேசினாலும் கேட்க வேண்டும் என்பதால் அதில் சத்தத்தைப் பலமாக அழுத்திச் சமப்படுத்தும் கம்ப்ரஸரை வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்த வழி திறந்திருந்தபோது காலின்ஸ் வாசிக்க, யாரும் அதுவரை கேட்டிராத பிரம்மாண்டமான சத்தம் வந்து விழுந்தது. ஆனால் அது பேச்சுக்கான வழி, டேப்புக்குப் போகாது. ஒலிப்பதிவாளர் ஹ்யூ பேட்ஜம் பராமரிப்பு ஆட்களிடம் சொல்லி, மிக்ஸரைப் பிரித்து, அந்த வழியிலிருந்து ஒரு கிளை எடுக்க வைத்தார். 1980இல் ஆல்பம் வந்தது. அந்தப் பத்தாண்டின் ட்ரம்ஸ் சத்தத்தையே அது மாற்றிப்போட்டது. புதிய கருவி எதையும் சேர்க்கவில்லை. இருந்த ஒரு சத்தம் போகாத இடத்துக்குப் போக ஒரு வழி வெட்டினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஆலயத்தில் அப்படி ஒரு வழி வெட்ட வேண்டிய நாள் 2020இல் வந்தது. ஆலயம் மூடியிருக்க, வீட்டிலிருக்கிறவர்களுக்காக ஆராதனையை யூட்யூபில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தோம். மெயினிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகினோம். ஆலயம் மறுபடி திறந்து சபையார் உள்ளே வந்த பிறகும் அதே ஏற்பாடுதான். ஆலயத்துக்குள் பாட்டு அருமையாக இருந்தது. வீட்டிலிருந்து பெரியவர்கள் போன் செய்தார்கள்: “தபேலா வாசிக்க ஆள் வரலியா? கீதத்துல ஆட்கள் பாடுற சத்தமே இல்லியே, சபையில யாரும் இல்லியோ?”

தபேலா இருந்தது. ஆட்களும் இருந்தார்கள். ஆனால் தபேலாவும் முந்நூறு தொண்டைகளும் ஆலயத்துக்குள் மைக் இல்லாமலே கேட்கும். ஆகவே மெயினில் நான் அவற்றுக்குக் கொடுத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அரங்கத்துக்குக் கலக்குவது என்றால் முழுப் பாட்டையும் கொடுப்பதல்ல, அரங்கத்தில் எது குறைகிறதோ அதை மட்டும் நிரப்புவது. கட்டிலில் படுத்தபடி போனில் கேட்கிற பாட்டிக்கு அந்த அரங்கம் இல்லை. நான் அனுப்பியது குறையை நிரப்பும் பாதி மட்டும்.

இரண்டு மைக்குகளைச் சபையாரை நோக்கித் தொங்கவிட்டு, அவற்றை மெயினுக்கு அனுப்பாமல் ஓர் ஆக்ஸுக்கு மட்டும் கொடுத்தேன். மெயினுக்குக் கொடுத்தால் ஆலயமே ஊளையிடும். தபேலா, குரல், கீபோர்டு எல்லாவற்றையும் அதே ஆக்ஸில் வேறு அளவுகளில் கலந்து, ஹெட்போனில் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். அந்த ஞாயிறுகளில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஓர் ஆராதனையில் ஒரு பாட்டு என்று நாம் சொல்கிறோம். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது நாலைந்து பாட்டு. பாடுகிறவளுக்குத் தன் குரலும் சுருதியும், தபேலாக்காரருக்குக் கீபோர்டும் குரலும், சபையாருக்கு ஒன்று, வீட்டிலிருக்கும் பாட்டிக்கு ஒன்று, கைக்குழந்தைகளோடு பக்க அறையில் இருக்கும் தாய்மாருக்கு இன்னொன்று. ஒரே தொண்டையிலிருந்து கிளம்பியதுதான். எந்த இடத்தில் பிரித்தெடுத்தோம் என்பதில்தான் வேறாகிறது.

வழி தெரிந்தால் பழுதும் தெரியும். ஒரு பெரிய வெள்ளியன்று, மும்மணி நேர ஆராதனை நடுவில், பிரசங்க பீடத்து மைக் செத்துப்போனது. முன்பெல்லாம் பதற்றத்தில் கண்ட திருகையும் திருகியிருப்பேன். அண்ணாச்சி சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது: “சத்தம் எங்க வர வந்துருக்குன்னு மட்டும் பாருங்க. பாதில கைய வைங்க.” சேனலின் பிஎஃப்எல் பொத்தானை அமுக்கினேன், ஃபேடருக்கு முன்னாலேயே அந்தச் சேனலை ஹெட்போனில் தனியாகக் கேட்கலாம். மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. அப்படியானால் கீழே ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை, பழுது கெய்னுக்கும் மேலே. அது கன்டென்ஸர் மைக். மிக்ஸர் தன் ஒயர் வழியாகவே 48 வோல்ட் அனுப்பினால்தான் அதற்கு உயிர். அதற்கான பொத்தானைப் பார்த்தேன், யார் கையோ பட்டு அணைந்திருக்கிறது. சேனலை மியூட் செய்து, பொத்தானைப் போட்டு, சில வினாடி பொறுத்து மியூட்டை எடுத்தேன். மியூட் செய்யாமல் போட்டால் ஸ்பீக்கரில் வெடிபோல ஒரு சத்தம் வரும், அந்த நாளில் அது ஆகாது.

இப்போது எங்களிடம் டிஜிட்டல் மிக்ஸர். எந்த மைக்கை எந்தச் சேனலுக்கும் எந்த வெளிவாசலுக்கும் டேப்லெட் திரையில் தொட்டே மாற்றலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. பழையதில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் சத்தத்தின் பயணம் தெரியும். இதில் அது பத்துப் பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் கற்றுக்கொள்ள வரும் பையன்களையும் பிள்ளைகளையும் முதலில் பழைய பதினாறு சேனல் மிக்ஸர் முன்னால்தான் உட்கார வைக்கிறேன். ஒரு தாளில் ஒரே ஒரு சேனலைக் கோடாக வரையச் சொல்கிறேன். கோட்டின் எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்று அவர்களே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி சரியாக விழும்வரை டேப்லெட் கிடையாது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. கிறிஸ்மஸுக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். பாடகர் குழுவில் ஒரு தனிப்பாடலுக்கு ஆள் தேவைப்பட, தயங்கித் தயங்கிச் சம்மதித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தில் நாங்கள் மூன்று பேர்தான். “சார், எனக்கு என் சத்தம் கேக்கணும்” என்று மட்டும் சொன்னாள். மானிட்டரில் அவள் குரலையும் கீபோர்டையும் வைத்துக்கொடுத்தேன். அவள் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். இரண்டாம் சரணத்தில் அவளுடைய ஃபேடரை மெதுவாக அடிவரை இறக்கினேன். ஆலயத்துப் பெரிய பெட்டிகளில் அவள் குரல் ஓய்ந்தது. மேடையில் அவள் காலடியிலிருந்து சின்னதாக, தெளிவாக, அது வந்துகொண்டே இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனாள். கண்ணைத் திறக்கவே இல்லை.