ரிச்சி தெருவில் ஒரு பேட்டரி மேசை

சென்னை அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பினால், ரிச்சி தெரு வரைக்கும் கடைக்குக் கடை எலக்ட்ரானிக்ஸ் சரக்குதான். பேட்டரியில் ஓடும் சிறு கணினி ஒன்றைத் தானே கோத்துக்கொள்ள நினைத்த நண்பரோடு அங்கே போயிருந்தேன். கள ஆய்வுக்காக, மின்சாரம் எட்டாத முகாம்களில் தங்குபவர் அவர்.

கணினிப் பாகங்களை வாங்குவதில் சிரமமே இல்லை. ராஸ்பெரி பை 4 பலகை, 7 அங்குலத் திரை, சின்ன கீபோர்டு, மெமரி கார்டு. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் உருவாக்கி, 2012இல் விற்பனைக்கு விட்ட பலகையின் நான்காம் தலைமுறை இது. சீட்டுக்கட்டு அளவுதான், சுவர் பிளக்கில் செருகினால் முழுக் கணினியாக ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஓட வேண்டும் என்னும்போதுதான் கைவேலை தொடங்குகிறது.

அந்த வேலையைச் செய்பவர் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்தார். ஸ்பீக்கர், டிரில்லிங் மெஷின், மின்சார சைக்கிள் என எதற்கும் பேட்டரி பேக் கட்டுகிறவர். மேசைமேல் ரப்பர் விரிப்பு. அவர் விரலில் மோதிரம் இல்லை, மணிக்கட்டில் வாட்ச் இல்லை. நிறை சார்ஜில் இருக்கும் பேக்கின் இரு முனைகளையும் ஒரு மோதிரம் தொட்டுவிட்டால், விரலோடு சேர்த்துப் பழுக்கக் காய்ச்சிவிடும். காலடியில் ஒரு வாளி மணலும் இருந்தது.

“பவர் பேங்க் போதாதா அண்ணா?” என்று நண்பர் கேட்டார்.

“பாதி பவர் பேங்க்ல, சார்ஜரச் சொருகினா, புடுங்கினா ஒரு செகண்ட் சப்ளை கட்டாகும் தம்பி. போனுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க மிஷின் ஆஃப் ஆயிடும்.”

காகிதத்தில் கணக்குப் போட்டோம். பலகையும் திரையும் சேர்ந்து சுமார் 8 வாட் இழுக்கும். 18650 செல் ஒன்று 2600 மில்லி ஆம்பியர் அவர், 3.6 வோல்ட், அதாவது 9 வாட் அவருக்குச் சற்று மேல். நான்கு செல்லுக்கு 37. வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் கன்வர்ட்டரில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். மிச்சத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓட்டலாம்.

18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். 18650 என்ற பெயரே அந்த அளவுதான். 9900 மில்லி ஆம்பியர் அவர் என்று அச்சடித்த செல்களும் சந்தையில் உண்டு. இந்த அளவுக் குப்பிக்குள் 3500ஐத் தாண்டுவதே அரிது. அவர் லேபிளைப் பார்ப்பதில்லை, தராசில் வைக்கிறார். “நல்ல செல்லு நாப்பத்தஞ்சு கிராம் பக்கத்துல நிக்கும். முப்பதுன்னா உள்ள சரக்கு இல்ல.” பிறகு ஒவ்வொன்றின் உள்மின்தடையையும் மீட்டரில் அளக்கிறார். வோல்டேஜும் ஒத்துப்போக வேண்டும். 4.1 வோல்ட் செல்லையும் 3.4 வோல்ட் செல்லையும் பேரலலாக இணைத்தால், முன்னது பின்னதற்குள் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தைக் கொட்டும். சற்றே விலகியிருந்த ஒரு செல்லை அவர் ஒதுக்கி வைத்தார். நண்பர் ‘பரவாயில்லை’ என்று சொல்லியும் அவர் விடவில்லை.

அடுத்தது வெல்டிங். செல்லின் மேல்மூடி பாசிட்டிவ். விளிம்பு உட்பட மற்ற உடம்பு முழுக்க நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான். அதன்மேல் மின்சாரம் கடத்தாத பார்லி பேப்பரை வளையமாக வெட்டி ஒட்டுகிறார். நிக்கல் பட்டையை வைத்து, இரண்டு செம்பு முனைகளால் அழுத்தி, பெடலை மிதிக்கிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். சில மில்லி செகண்டில் ஒட்டிக்கொள்கிறது. சால்ட்ரிங் ஏன் கூடாது என்றால், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் மூடியின் சீலையும் கெடுத்துவிடும். பட்டையிலும் ஏமாற்று உண்டு. இரும்பின்மேல் நிக்கல் பூசியது மலிவு, மின்தடையோ அதிகம். கீறி உப்புத் தண்ணீரில் போட்டால் துரு காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாகப் பாதுகாப்புப் பலகை, சார்ஜ் ஏற்றும் பலகை, பூஸ்ட் கன்வர்ட்டர். வயர் தடிமனாகவும் குட்டையாகவும் வேண்டும் என்றார். சப்ளை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் ராஸ்பெரி பை திரையில் மின்னல் சின்னம் காட்டும். கன்வர்ட்டரில் 5 வோல்ட் இருந்தாலும், மெல்லிய வயர் வழியாகக் கணினிப் பலகையை எட்டுவதற்குள் குறைந்துபோகும். அதனால் மல்டிமீட்டர் முனையைப் பலகையின் சப்ளை பின்னிலேயே வைத்து, திரையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்வர்ட்டரை 5.1க்குத் திருகினார். “சும்மா இருக்கும்போது எல்லா சப்ளையும் நல்ல சப்ளைதான்” என்றார்.

இத்தகைய கணினிகளைக் காட்டுகிறவர்கள் பெட்டியின் வடிவத்தையும் மென்பொருளையும்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். அவற்றைச் சுவரிலிருந்து விடுவிக்கும் வேலை, பேட்டரி பேக்கைப் போர்த்தும் பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் மறைந்துவிடுகிறது. செய்தவருக்குக் கிடைப்பது பேக்குக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். ஆனால் நம்பி மடியில் வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்வது அவர் ஒதுக்கிய அந்த ஒரு செல்தான்.

சூடு காட்டி ஸ்லீவ் சுருங்கியதும் மார்க்கரால் அதன்மேல் தேதி, செல்லின் அளவு, எத்தனை செல் என்று எழுதினார். உங்களுக்கு ஞாபகம் இருக்காதா என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்கு? ரெண்டு மூணு வருசத்துல செல்லு வீக்காகும். அன்னிக்கு எந்த ஊர்ல, எவன் பிரிக்கிறானோ, அவனுக்குத் தெரியணும்ல?”