பாதிக்கு மேல்

திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாளை ஒரே வாசலில் நின்று முழுவதும் சேவித்துவிட முடியாது. சயனத் திருக்கோலத்தில் இருக்கும் அந்த நெடிய திருமேனியைத் தரிசிக்க மூன்று வாசல்கள் வைத்திருக்கிறார்கள். வாக்காளரின் மனமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே ஒரு வோட்டில் அது முழுவதும் வெளிப்பட்டுவிடாது. சென்ற தடவை நாம் அங்கே போயிருந்தபோது, "நூற்றுக்கு அறுபது பேர் வேறு ஆளுக்குப் போட்ட பிறகு, ஜயித்தவர் எப்படி ஐயா நம் எல்லாருக்கும் பிரதிநிதி?" என்று ஒரு பெரியவர் சன்னிதித் தெருவில் வாதாடிக்கொண்டிருந்தார். கட்சிப் பேச்சுத்தான். ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி.

2014ஆம் ஆண்டுப் பார்லிமெண்டுத் தேர்தலைப் பாருங்கள். திருவட்டாறு அடங்கிய கன்னியாகுமரித் தொகுதியில் பாரதிய ஜனதா அபேட்சகர் ஸ்ரீ பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906 வோட்டுப் பெற்று ஜயித்தார். அது நூற்றுக்கு 38 கூட இல்லை. காங்கிரஸ், அண்ணா தி.மு.க., தி.மு.க., இடதுசாரிகள் என்று மற்றவர்கள் தனித்தனியே நின்றார்கள். 2019இல் அவருக்குக் கிடைத்த வோட்டு 3,67,302. அண்ணா தி.மு.க. தம் பக்கம் வந்து சேர்ந்தும் தொகை அநேகமாக அதேதான். ஆனால் இம்முறை தோல்வி! தி.மு.க.வையும் இடதுசாரிகளையும் துணைக்கொண்டு நின்ற காங்கிரஸ் அபேட்சகர் ஸ்ரீ எச். வசந்தகுமார் 6,27,235 வோட்டு வாங்கிப் பாதியைத் தாண்டிவிட்டார்.

பிரான்ஸ் முதலிய தேசங்களில் ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இருவரை மட்டும் நிறுத்தி ஜனங்களை மறுபடி அழைக்கிறார்கள். நம்மவர்களோ அந்த இரண்டாவது சுற்றை முன்கூட்டியே, கதவைச் சாத்திக்கொண்டு நடத்தி முடித்துவிடுகிறார்கள். அதற்குக் கூட்டணி என்று பெயர். வாக்காளருக்கு அங்கே உட்கார ஒரு மணை கூடக் கிடையாது.

இரண்டு தடவை சாவடிக்கு நடக்காமலே காரியத்தை முடிக்கவும் வழியுண்டு. சீட்டிலேயே ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையைக் குறித்துவிடலாம். நமது ஜனாதிபதித் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது. 1969இல் ஸ்ரீ வி. வி. கிரிக்கு வேண்டியிருந்த மதிப்பு 4,18,169. முதல் எண்ணிக்கையில் வந்தது 4,01,515 தான். இரண்டாவது விருப்பங்களைச் சேர்த்த பிறகே 4,20,077 ஆகி வென்றார். ஆனால் அங்கே வோட்டளிப்பவர்கள் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள், கணக்கில் புலிகள்!

சாமானிய ஜனங்களிடம் இம்முறை எப்படி நடக்கும் என்பதை 2024 செப்டம்பரில் இலங்கை காட்டிற்று. முதல் எண்ணிக்கையில் ஸ்ரீ அநுர குமார திஸாநாயக்கவுக்கு நூற்றுக்கு 42 தான். அந்நாட்டுச் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பங்களை எண்ண வேண்டியதாயிற்று. முதல் இருவர் நீங்கலாக மற்றவர்களுக்கு விழுந்திருந்த வோட்டு 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அவ்விருவருக்கும் வந்து சேர்ந்ததோ மூன்று லட்சம் கூட இல்லை. மிகப் பெரும்பாலோர் ஒரே பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு ஜயித்தவருக்குக் கிடைத்த தொகை, பதிவான செல்லுபடியான வோட்டுகளில் பாதியை எட்டவில்லை.

ஆகவே சட்டம் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும் என்பார்கள். வாஸ்தவமே. கேட்டால்தானே பழக்கம் வரும்? கன்னியாகுமரித் தொகுதியில் 2014இல் அண்ணா தி.மு.க.வுக்கு 1,76,239 பேர் வோட்டளித்தார்கள், தி.மு.க.வுக்கு 1,17,933 பேர். தங்கள் அபேட்சகர் இல்லையென்றால் வேறு யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.